எச்-இண்டெக்ஸ் 41 உள்ள கைடா, 13 உள்ள கைடா?

நீங்கள் கேட்டிருப்பது இது: எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்தாயிற்று, பிஎச்.டி.க்கு இரண்டு பேராசிரியர்கள் இடம் தரத் தயாராக இருக்கிறார்கள். ஒருவருக்குக் கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் எச்-இண்டெக்ஸ் 41, மேற்கோள்கள் (அவருடைய பேப்பர்களை வேறு பேப்பர்கள் குறிப்பிட்ட தடவைகள்) 7,800. மற்றவருக்கு 13, மேற்கோள்கள் 640. இரண்டாமவரின் ஆய்வுதான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நண்பர்கள் "41 கிடைக்கும்போது யாராவது 13-இடம் போவார்களா" என்கிறார்கள். ஒரு நுண்ணுயிரியலாளரின் தாக்கத்தை இந்த எண்கள் சரியாகச் சொல்கின்றனவா என்று கேட்கிறீர்கள். அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: யாரிடம் சேர்ந்தால் என் ஐந்து வருடம் வீணாகாது? முதல் கேள்விக்கு இந்த எண்கள் அரைப் பதில் தரும். இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஏன் என்று சொல்ல முயல்கிறேன்.

முதலில் நான் யார் என்பது. மருத்துவக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் 20 வருடங்களுக்கு மேல் கல்ச்சர் தட்டுகளோடு இருந்தவன். மாணவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறேன், தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து இதே எண்களை வைத்து மற்றவர்களை எடைபோட்ட பாவத்தையும் செய்திருக்கிறேன். மேற்கோள் கணக்கையே ஆராய்ச்சியாகச் செய்பவர்கள் தனியாக இருக்கிறார்கள், நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை. அந்த எண்களோடு குடித்தனம் நடத்துபவன், அவ்வளவுதான்.

எச்-இண்டெக்ஸ் 5 என்றால், ஒருவரின் பேப்பர்களில் ஐந்து, ஆளுக்கு ஐந்து மேற்கோளாவது வாங்கியிருக்கின்றன என்று பொருள். அதைக் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 10 பேப்பர் போட்டிருக்கிறார். கிடைத்த மேற்கோள்கள் இறங்கு வரிசையில் 120, 31, 18, 9, 7, 5, 5, 2, 1, 0. மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது பேப்பருக்கு 7 மேற்கோள், 5-க்குக் குறையவில்லை, சரி. ஆறாவதற்கு 5 தான், 6-ஐ எட்டவில்லை, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அவருடைய எச்-இண்டெக்ஸ் 5. ஐ10 என்று கூகுள் காட்டுவது 10 மேற்கோளாவது வாங்கிய பேப்பர்களின் எண்ணிக்கை, இவருக்கு அது 3. இப்போது முதல் பேப்பரின் 120 மேற்கோள் நாளைக்கு 12,000 ஆகிறது என்று வையுங்கள். எச்-இண்டெக்ஸ் அசையாது, அதே 5. ஆனால் ஆறாவது பேப்பரை அவரே தன்னுடைய அடுத்த பேப்பரில் ஒரே ஒரு தடவை மேற்கோள் காட்டினால் போதும், 6 ஆகிவிடும். உலகமே பயன்படுத்திய ஒரு கண்டுபிடிப்பு நகர்த்தாத எண்ணை, தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஒரு மேற்கோள் நகர்த்துகிறது.

இந்தக் கணக்கை 2005-இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து இயற்பியலாளர். இயற்பியலாளர்களை மனதில் வைத்துத்தான் எழுதினார். ஒரே எண் ஒரு மனிதரின் பன்முக உழைப்பைத் தோராயமாகத்தான் காட்டும், துறைக்குத் துறை இது மாறும் என்ற எச்சரிக்கைகள் அதே கட்டுரையில் இருக்கின்றன. எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது நாம். இன்னொன்று, இந்த எண் ஏறும், இறங்கவே இறங்காது. ஆய்வை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தாலும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே, உதாரணத்துக்கு, 58 வயதுக்காரரின் 41-ஐயும் 39 வயதுக்காரரின் 13-ஐயும் பக்கத்தில் வைப்பது மாமரத்தையும் அதன் கன்றையும் உயரம் பார்ப்பது போன்றது. உங்கள் பேராசிரியர்கள் இருவருக்கும் வயது என்ன, முதல் பேப்பர் எந்த வருடம் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை.

எங்கே எண்ணினோம் என்பதும் முக்கியம். நம் தொழிலில் இருப்பவருக்கு இதை விளக்குவது சுலபம். ஒரே கிணற்றுத் தண்ணீரை, கிருமி வளர்க்கும் ஊடகங்களான நியூட்ரியன்ட் அகரில் ஒரு தட்டும் மெக்கான்கி அகரில் ஒரு தட்டும் போட்டால் மறுநாள் காலையில் இரண்டு எண்ணிக்கை வரும். இரண்டும் பொய்யில்லை. அந்தந்த ஊடகத்தில் எது வளர்ந்ததோ அதைத்தான் எண்ணியிருக்கிறோம். மைக்ராஸ்கோப்பில் தெரியும் செல்களில் மிகச் சிறு பங்குதான் தட்டில் காலனியாகிறது என்பதை 1985-இல் ஸ்டேலியும் கொனோப்காவும் எழுதினார்கள், மண்ணிலும் நீரிலும் பெரும்பாலும் நூற்றில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. கூகுள் ஸ்காலர் ஒரு தாராளமான ஊடகம். ஆய்வேடு, மாநாட்டுக் கையேடு, யாரோ இணையத்தில் ஏற்றிவைத்த பிடிஎஃப் எல்லாம் அதில் வளரும். மேற்கோள் எண்ணும் மற்றத் தரவுத்தளங்களில் ஸ்கோபஸ் கொஞ்சம் கண்டிப்பு, வெப் ஆஃப் சயின்ஸ் அதைவிடக் கண்டிப்பு. ஒரே ஆளுக்குக் கூகுள் எண்தான் வழக்கமாகப் பெரிதாக இருக்கும். ஒருவரின் ஸ்காலர் எண்ணையும் இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணையும் ஒப்பிடுகிற அபத்தம் நேர்முகத் தேர்வு அறைகளில் சர்வ சாதாரணமாக நடக்கிறது.

இதில் தமிழர்களுக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு, நம் முன்னெழுத்து. அப்பா பெயரின் முதல் எழுத்தும் நம் பெயரும் சேர்ந்தால் அதே பெயரில் தமிழ்நாட்டில் மட்டும் முப்பது ஆராய்ச்சியாளர்கள் இருப்பார்கள். என் ஸ்காலர் பக்கத்தில் ஒருநாள் கான்கிரீட்டின் தாங்குதிறன் பற்றி இரண்டு பேப்பர்கள் வந்து உட்கார்ந்திருந்தன. எழுதியவர் என் பெயரையும் முன்னெழுத்தையும் கொண்ட ஒரு கட்டடப் பொறியாளர். வேடிக்கை என்னவென்றால், அதில் ஒன்றுக்கு என்னுடைய எந்தப் பேப்பரையும்விட அதிக மேற்கோள். நீக்க மனசு வராமல் இரண்டு நாள் வைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் முதல் பேப்பர் அனுப்புவதற்கு முன்பே ஆர்சிட் என்ற 16 இலக்க எண்ணை வாங்கிவிடுங்கள், இலவசம்தான்.

இதுவரை சொன்னது எல்லாத் துறைக்கும் பொருந்தும். நுண்ணுயிரியலுக்கே உரிய சிக்கல் வேறு. நம் துறை ஒரே வீடு இல்லை, பல குடித்தனங்கள் உள்ள தெரு. கிருமிகளை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் ஒரு வகைப்பாட்டியலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பாக்டீரியா ஒன்றுக்கு முறைப்படி பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் அது ஐஜேஎஸ்இஎம் என்று நாம் சொல்லும் இதழில் வெளியாக வேண்டும், அல்லது வேறு இதழில் வந்தது அதன் பட்டியலில் ஏற வேண்டும். மாதிரி உயிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் கல்ச்சர் சேகரிப்பு மையங்களில் ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். இத்தனை வேலைக்கும் களமான அந்த இதழின் இம்பாக்ட் ஃபாக்டர், அதாவது அதன் கட்டுரை ஒன்றுக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோள், 2, 3 என்ற அளவில்தான். சரி, பெயர் வைத்தாயிற்று. அதன்பின் அந்தப் பெயரை எழுதுகிறவர்கள் பெயர் வைத்த கட்டுரையை மேற்கோள் காட்டுவார்களா? ஈ. கோலையின் முழு அறிவியல் பெயருக்குப் பின்னால் மிகுலா 1895, காஸ்டெல்லானி, சால்மர்ஸ் 1919 என்று ஆசிரியர் பெயர்கள் வரும். அந்த பாக்டீரியாவின் பெயர் எத்தனை லட்சம் பேப்பர்களில் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவற்றில் எவ்வளவு பேர் 1919-ஐ மேற்கோள் பட்டியலில் சேர்த்தார்கள்? வகைப்பாட்டியலாளரின் உழைப்பை உலகம் தினமும் உச்சரிக்கிறது, அது கணக்கில் ஏறுவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் செய்முறைப் பேப்பர்கள். புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க லௌரியும் கூட்டாளிகளும் 1951-இல் எழுதிய செய்முறைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் மேற்கோள், அறிவியல் வரலாற்றிலேயே உச்சம். எங்கள் ஆய்வகத்தில் தினமும் காலையில் முல்லர்-ஹின்டன் அகரில் நோயாளியின் கிருமியைப் பரப்பி, மேலே ஆன்டிபயாட்டிக் வில்லைகளை வைத்து, மறுநாள் அவற்றைச் சுற்றியுள்ள தெளிந்த வட்டத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளப்போம். இது 1966-இல் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் நால்வரும் சீர்செய்து எழுதிய முறை. அதுவும் ஏராளமாக மேற்கோள் வாங்கிய கட்டுரைதான். ஆனால் உலகத்தின் மருத்துவமனைகளில் நாள்தோறும் இந்த அளவுகோலை எடுப்பவர்கள் பேப்பர் எழுதுவதில்லை. அவர்கள் ரிப்போர்ட் எழுதுகிறார்கள். நோயாளிக்கு மருந்து மாறுகிறது. இந்தப் பயன்பாட்டில் ஒரு துளிதான் மேற்கோளாகக் கசிகிறது.

அப்புறம் கொரோனா. 2020, 2021-இல் வைரஸ் பற்றி எழுதியவர்களின் எண்கள் எகிறின, இதழ்களும் அப்படித்தான். லான்செட்டின் இம்பாக்ட் ஃபாக்டர் அந்தக் காலத்தில் 79 என்பதிலிருந்து 202-க்கு மேல் போய், பிறகு இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்த இதழின் தரம் இரண்டரை மடங்கு கூடிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் 41-காரரின் மேற்கோள்களில் எவ்வளவு அந்த இரண்டு வருடத்து அலையில் வந்தது என்பதை ஸ்காலர் பக்கத்திலுள்ள பட்டைப் படத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இம்பாக்ட் ஃபாக்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. முந்தைய இரண்டு வருடங்களில் ஓர் இதழ் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் கிடைத்த மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. இதழின் சராசரி, கட்டுரையின் மதிப்பெண் இல்லை. சில கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளிக்கொண்டு போக, பெரும்பாலானவை அந்தச் சராசரிக்குக் கீழேயே கிடக்கும். நம் துறையின் பெரிய சங்கமான அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் 2016-இல் தன் இதழ்களின் இணையதளங்களிலிருந்து இம்பாக்ட் ஃபாக்டரை எடுத்துவிட்டது. நம்மூரிலோ யுஜிசியின் 2018 விதிகளின் அட்டவணையைத் திறந்து பாருங்கள். இம்பாக்ட் ஃபாக்டர் 1-க்குக் கீழ் என்றால் 10 புள்ளி, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20, 5 முதல் 10 வரை 25, அதற்கு மேல் 30. ஆசிரியர் வேலைக்கான மதிப்பெண்ணில் இது சேர்கிறது. "ஸ்கோபஸ் பேப்பர் இருக்கா?" என்று வாசலிலேயே கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இனி ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்த மேற்கோள் கணக்கு முழுவதற்கும் மூலவர் யூஜின் கார்ஃபீல்டு. 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டவர், இம்பாக்ட் ஃபாக்டரும் அவர் பட்டறையில் பிறந்ததே. அவரே எழுதிய ஒரு கட்டுரையை நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். அதன் நாயகர் கல்கத்தாவின் சம்பு நாத் தே. காலரா கிருமி உடம்பில் என்ன செய்து ஆளைக் கொல்கிறது என்பது ராபர்ட் கோக் 1883-84-இல் கல்கத்தாவுக்கு வந்து போன பிறகும் தெளிவாகாமல் இருந்தது. அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று கோக் ஊகித்தார், நிரூபணம் இல்லை. தே செய்தது எளிமையான வேலை. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, மூடிய பை போல ஆக்கினார். காலரா கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வெறும் வடிநீரை அந்தப் பைக்குள் செலுத்தினார். குடல் துண்டு நீர் கோத்து உப்பியது. கிருமி தேவையில்லை, அது சுரந்ததே போதும். 1959-இல் நேச்சர் இதழில் வந்த சின்னக் கட்டுரை அது. காலரா நஞ்சைப் பற்றிய பிற்கால ஆராய்ச்சியெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தது.

ஆனால் வெளிவந்த நேரத்தில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் தேயின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். 1978-இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். இந்தியாவிலோ வாழ்நாளில் பெரிய விருது எதுவும் இல்லை. 1985-இல் காலமானார். மறுவருடம் கார்ஃபீல்டு தன்னுடைய மேற்கோள் தரவுகளை வைத்தே, காலரா ஆராய்ச்சியின் வரைபடத்தில் தே எங்கே நிற்கிறார் என்று எழுதிக் காட்டினார். இந்தக் கதையில் எனக்கு இரண்டும் தெரிகின்றன. மேற்கோள் கணக்கு இல்லையென்றால் அந்த மறதி இன்னும் நீண்டிருக்கும், ஆகவே அதை ஒரேயடியாகத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் 1962-இல் ஒரு தேர்வுக் குழு அவருடைய மேற்கோள்களை எண்ணியிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருக்கும்? மேற்கோள் வரலாற்றாசிரியருக்கு நல்ல கருவி. வேலைக்கு எடுப்பவருக்கு அவ்வளவு நல்ல கருவி இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே நடந்தது ஒன்று சொல்கிறேன். 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த என்.டி.எம்-1 கட்டுரை. கார்பபெனெம் என்ற கடைசி வரிசை ஆன்டிபயாட்டிக்குகளையே உடைத்துப்போடும் நொதி அது. முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு மாணவர். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அந்த நொதியுள்ள கிருமிகளைக் கணக்குக் காட்டியது கட்டுரை. நொதியின் பெயரில் நியூ டெல்லி இருந்ததால் பெரிய சர்ச்சை, மத்திய அரசே மறுத்துப் பேசியது. இன்று ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கிய கட்டுரை அது. அந்த மேற்கோள்களில் ஆதரித்தவர், மறுத்தவர், பெயரைக் கண்டித்தவர், அறிமுகப் பத்தியில் ஒப்புக்கு ஒரு வரி போட்டவர் எல்லாரும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே எடை. கட்டுரையின் ஆசிரியர்கள் சுமார் 30 பேர், 30 பேருக்கும் முழு மேற்கோளும் போய்ச் சேர்கிறது. தட்டைக் கையில் பிடித்தவருக்கும், சில கிருமிகளை அனுப்பிவைத்தவருக்கும் எச்-இண்டெக்ஸ் வித்தியாசம் பார்க்காது.

அந்த விவாதம் சூடாக இருந்த காலத்தில்தான் 2012-இல் ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கான சென்னைப் பிரகடனம் வந்தது. 2014 மார்ச்சில் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்து, சில ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால் மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றானது. இதெல்லாம் அந்த ஒரே பேப்பரால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன், யாராலும் அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது. நுண்ணுயிரியலில் தாக்கம் என்றால் உண்மையில் இதுதான்: ஒரு மருந்துக்கடையில் ஒரு பதிவேடு திறக்கப்படுவது. அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை. அளக்க முடிந்தது மேற்கோள், ஆகவே அதை அளக்கிறோம்.

பெரிய எண்ணின் மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். பிரான்சின் மார்செய் நகரத்து தீதியே ராவு நம் துறையின் மிக உயர்ந்த எச்-இண்டெக்ஸ்காரர்களில் ஒருவர், ஆயிரக்கணக்கில் பேப்பர்கள். 2003-இல் மிமிவைரஸ் என்ற ராட்சத வைரஸை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய குழுவில் இருந்தவர், அது அசலான சாதனை, அதில் சந்தேகமில்லை. 2020 மார்ச்சில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவைக் குறைக்கிறது என்று அவருடைய குழு வெளியிட்ட கட்டுரையில் 36 நோயாளிகள்தான். அனுப்பிய மறுநாளே ஏற்கப்பட்டது. ஆசிரியர்களில் ஒருவரே அந்த இதழின் தலைமைப் பதிப்பாசிரியர். உலகம் முழுக்க அந்த மாத்திரையைத் தேடி ஓடினார்கள். 2024 டிசம்பரில் நெறிமுறை, ஆய்வுமுறைக் குறைகளுக்காக அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அது வாங்கிய ஆயிரக்கணக்கான மேற்கோள்களில், தவறென்று காட்டியவர்கள் போட்டதும் அடக்கம். எண் அதையும் கூட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் தன் கண்ணாலேயே 20,621 பேப்பர்களின் படங்களைப் பார்த்து, நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேப்பர்களில் ஒரே படம் தவறாக இரண்டு இடத்தில் வந்திருப்பதை 2016-இல் கூட்டாளிகளோடு எழுதினார். மேற்கோள் எண் படத்தைப் பார்க்காது, ஆள்தான் பார்க்க வேண்டும்.

ஆக எது உறுதி, எது சந்தேகம்? ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 41 என்றால் அவர் நீண்ட காலம் பேப்பர் போட்டிருக்கிறார், மற்றவர்கள் கண்ணில் அவை பட்டிருக்கின்றன, இது உறுதி. ஒரே துறையில், ஒரே வயதில், ஒரே தரவுத்தளத்தில் 41-க்கும் 13-க்கும் இருக்கும் வித்தியாசம் எதையோ சொல்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 15-க்கும் 13-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றையும் சொல்லாது. அவர் நல்ல விஞ்ஞானியா என்பது சந்தேகம், நல்ல கைடா என்பதற்கு அந்த எண்ணில் தடயமே கிடையாது. உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி என்று கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் பார்த்திருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டின் ஐயோனிடிஸ் குழு வெளியிடும் அந்தப் பட்டியலில் சுயமேற்கோளைக் கழித்த கணக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. ஃப்ளெக்ஸில் அந்தப் பத்தி வராது.

தேர்வுக் குழுவில் நான் இருந்த ஒரு நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒரு பெண், ஒன்பது பேப்பர், பெரும்பாலானவற்றில் முதல் பெயர், மூன்று புதிய கிருமிகளைச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்த சான்றிதழ்கள். எதிரே இன்னொருவர், அறுபது பேப்பர், பெரும்பாலானவற்றில் எட்டாவது, பதினான்காவது பெயர். சான்றிதழ்களுக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. அறுபதைத்தான் எடுத்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இருவரின் பக்கத்தையும் திறந்து, மேற்கோள் வரிசையை விட்டுவிட்டு வருட வரிசையில் அடுக்குங்கள். கடைசி ஐந்து வருடத்தில் அவர்களுடைய சொந்த ஆய்வகத்திலிருந்து வந்தவை எத்தனை? நம் துறையில் வேலை செய்த மாணவர் பெயர் முதலிலும் ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியிலும் வருவது வழக்கம், அப்படி வருபவற்றை மட்டும் எண்ணுங்கள். 41-இல் பாதி இங்கேயே உதிர்ந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், உதிராமல் நின்றால் அவருக்கு ஒரு கும்பிடு. பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் விமர்சனக் கட்டுரைகளைத் தனியே ஒதுக்குங்கள், அவை அசல் ஆய்வுகளைவிடச் சுலபமாக மேற்கோள் வாங்கும். பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் உள்ள பேப்பர்கள் என்றால் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்சின் ஐசைட் என்ற இலவசக் கருவியில் போட்டுப் பாருங்கள். அது ஒவ்வொரு பேப்பரையும் அதன் துறையோடும் வருடத்தோடும் ஒப்பிட்டு ஓர் எண் தரும், 1 என்றால் என்ஐஎச் பண உதவியில் வந்த பேப்பர்களின் நடுமட்டம். 13-காரர் வகைப்பாட்டியல் போன்ற சின்னத் தெருவில் இருப்பவராக இருந்தால் அவர் நிலை இங்கே தெளிவாகும். வெளிவந்த பேப்பர்களின் குறைகளை வாசகர்கள் சுட்டிக்காட்டும் பப்பியர் தளத்தில் இருவர் பெயரையும் தேடுங்கள். ஒரு குறிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், அதற்கு அவர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். பிறகு ஒவ்வொருவரின் பேப்பரிலும் ஒன்றையாவது முழுசாகப் படியுங்கள், சுருக்கத்தை மட்டும் இல்லை.

அடுத்தது, எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாதது. அவர்களிடம் பிஎச்.டி. முடித்தவர்களுக்கு எத்தனை வருடம் ஆனது, பாதியில் போனவர்கள் எத்தனை பேர், ஏன் என்று பழைய மாணவர்களிடம் கேளுங்கள். இப்போது இருப்பவர்களிடம் கேட்டால் அவர்களால் வாய் திறக்க முடியாது. ஆய்வகத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள், போனால் மைனஸ் 80 ஃப்ரீசரைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டிகளில் கிருமியின் எண், தேதி, எடுத்தவர் பெயர் தெளிவாக இருக்கிறதா, ஏதாவது ஒரு குப்பியைச் சுட்டி "இது எது" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் நோட்டைத் திறந்து காட்டுகிறார்களா என்று பாருங்கள். நான் பார்த்தவரை இந்தச் சோதனையில் தேறியவர்களிடம் சேர்ந்தவர்கள் யாரும் என்னிடம் வந்து அழுததில்லை. பார்த்த ஆய்வகங்கள் இருபதுக்குள்தான், ஆகவே இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஃப்ரீசரையும் பார்த்துவிட்டு, அந்த இருவரின் முதல் பேப்பர் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.